திக்குவோர் குழுவும் கடலூர் டோனியும்

1

போன ஐப்பசியில், எங்கள் வீட்டுக்கு இணைய இணைப்புத் தரும் நிறுவனத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. பயன்படுத்துவோர் மிகவும் குறைந்துவிட்டதால் செய்திக்குழுச் சேவையை ஆண்டு முடிவோடு நிறுத்துகிறோம், உங்கள் புரிதலுக்கு நன்றி என்று சில வரிகள். ஜெர்மானியர்கள் எதை நிறுத்தினாலும் நம் புரிதலுக்கு முன்கூட்டியே நன்றி சொல்லிவிடுவார்கள். புரியவில்லை என்று சொல்ல இடம் இருக்காது.

அன்றைக்குச் சிதம்பரத்திலிருந்து என் தம்பி செந்தில் கூப்பிட்டான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான். தை மாதம் அவன் பெண்ணுக்குக் கல்யாணம். நாங்கள் என்றைக்கு வந்து சேருகிறோம் என்று கேட்க வேண்டியிருந்தது.

“என்னாக்கா, குரல் ஒரு மாதிரி இருக்கு?”

“ஒண்ணுமில்லடா. இங்க ஒரு நியூஸ் குரூப்ப மூடறாங்க.”

“நியூஸ் குரூப்பா? பேப்பர்காரங்க வாட்சப் குரூப்பு மாதிரியா?”

“அது இல்லடா.”

“மூடுனா என்னா, இன்னொண்ணு ஆரம்பிச்சுட்டுப் போங்க. நானே ஆரம்பிச்சுத் தரேன். அட்மின் யாரு?”

“அட்மின்னு யாருமே கெடையாது.”

“அப்பறம் எப்டிக்கா நடந்துச்சு?”

நியாயமான கேள்விதான். பதில் சொல்லக் கொஞ்சம் நேரமாகும். எனக்குப் பேச்சு திக்கும் என்பதால் இன்னும் ஜாஸ்தி நேரமாகும். எழுதியே அனுப்புகிறேன் என்றேன். கல்யாணம் முடிந்து ரைன் நதிக்கரையில் இருக்கும் இந்த ஊருக்குத் திரும்பிய பிறகுதான் உட்கார முடிந்தது. அதற்குள் சொல்ல வேண்டியதும் கூடிவிட்டது.

2

செய்திக்குழு என்ற பெயரே சரியில்லை. அதில் செய்தி இருக்காது, பேச்சுதான் இருக்கும்.

ஒரு கல்லூரியில் அறிவிப்புப் பலகை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் யார் வேண்டுமானாலும் ஒரு தாளைக் குத்தலாம். வேறு யார் வேண்டுமானாலும் அதற்குக் கீழே பதில் குத்தலாம். அந்தப் பலகையை அப்படியே படியெடுத்து அடுத்த கல்லூரிக்கு அனுப்புகிறார்கள். அவர்கள் அடுத்த கல்லூரிக்கு. மறுநாள் பார்த்தால் உலகம் முழுக்க அதே பலகை தொங்குகிறது. தாளுக்குப் பதில் மின்னெழுத்து, கல்லூரிக்குப் பதில் அங்கங்கே இருக்கும் கணினிகள். மற்றபடி அவ்வளவுதான். எல்லாக் கணினியிலும் படி இருப்பதால் இதற்குச் சொந்தக்காரர் கிடையாது. மேற்பார்வையாளர் வைத்து, அவர் பார்த்த பிறகே இடுகைகளை வெளியிட்ட குழுக்களும் உண்டு. எங்களுடையது அப்படி இல்லை.

குழுக்களின் பெயர்கள் நம் பட்டாவில் மாவட்டம், வட்டம், கிராமம் என்று இறங்குவது போல இருக்கும். முதலில் பெரிய பிரிவு: கணினி, அறிவியல், பொழுதுபோக்கு, சமூகம் என்று. பிறகு ஒரு புள்ளி. பிறகு அதற்குள் சின்னப் பிரிவு. இன்னொரு புள்ளி. இப்படியே இறங்கினால் சைக்கிள் பழுது பார்ப்பவர்களுக்கு ஒரு குழு, பூனை வளர்ப்பவர்களுக்கு ஒன்று, பூனை பிடிக்காதவர்களுக்கு ஒன்று. உங்களை யாரும் சேர்க்க வேண்டாம், யாராலும் நீக்கவும் முடியாது. நீங்கள் உள்ளே வந்ததும் வெளியே போனதும் ஒருவருக்கும் தெரியாது. போன் நம்பர் தேவையில்லை. படம் கிடையாது, முக்கியமாக வாய்ஸ் மெசேஜ் கிடையாது.

ஒருவர் கேள்வியும் அதற்கு வரும் பதில்களும் ஒரு இழையாகக் கோத்துக்கொண்டு நிற்கும். பதில் எழுதுகிறவர், முன்னவர் சொன்னதில் தேவையான வரியை மட்டும் எடுத்து மேலே வைத்து, அதன் கீழே தன் பதிலை எழுத வேண்டும். முழுவதையும் அப்படியே ஒட்டிவிட்டுக் கீழே ‘ஆமாம்’ என்று எழுதினால் திட்டு விழும். அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்கு ஒரு தொகுப்பு இருக்கும். அதைப் படிக்காமல் வந்து கேட்டாலும் திட்டு விழும். இதனால் புதிதாக வருபவர்கள் பல வாரம் எழுதாமல் படித்துக்கொண்டே இருப்பார்கள். சண்டை மூண்டால் இழை முழுக்கத் தீப்பிடித்த மாதிரி இருக்கும். அதற்கும் வழி உண்டு. ஒருவர் பேச்சு பொறுக்கவில்லை என்றால் அவர் பெயரை நம் கணினியில் ஒரு கோப்பில் போட்டுவிடலாம். பிறகு அவர் எழுதுவது நம் கண்ணுக்கு வராது. அவர் எழுதிக்கொண்டேதான் இருப்பார். நம் குடும்ப வாட்சப் குழுவுக்கும் இந்த வசதி வேண்டும் என்று பல தடவை தோன்றியிருக்கிறது.

3

என் முழுப் பெயர் தனலட்சுமி. பேசும்போது எனக்குச் சொல்லவே வராத சொல் அதுதான். திக்குகிறவர்கள் பலருக்கு அவரவர் பெயர்தான் முதல் எதிரி. மற்ற சொல் வராவிட்டால் வேறு சொல்லைப் போட்டுச் சமாளிக்கலாம், பெயருக்கு மாற்றுச் சொல் கிடையாது.

பெண் பார்க்க வந்தபோது நான் தலையாட்டியே ஒப்பேற்றினேன். கடலூர்க்காரர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். என் கணவர் சிவா மட்டும், “அடக்கம்னு நான் நெனைக்கல, ஏதோ வரமாட்டேங்குதுன்னு தெரிஞ்சுச்சு” என்று பின்னால் சொன்னார். அப்போது அவர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கெமிக்கல் இன்ஜினீயர். கல்யாணமான மறு வருஷம் இங்கே வேலை கிடைத்தது. காற்று திசை மாறும் நாளில் இங்கேயும் சிப்காட்டின் அதே கெமிக்கல் வாசனை அடிக்கும். அவருக்கு ஊர் நினைப்பு வருவது அன்றைக்குத்தான்.

வந்த புதிதில் அயல்நாட்டினர் அலுவலகத்துக்குப் போனோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் என் பெயரைக் கேட்டாள். பெயர் தொண்டையில் நின்றுவிட்டது. எனக்கு மொழி தெரியவில்லை என்று நினைத்து அதே கேள்வியை இன்னும் சத்தமாக, இன்னும் மெதுவாகக் கேட்டாள். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கடைசியில் சிவாதான் சொன்னார். அந்த அம்மாள் ஏதோ குறித்துக்கொண்டு, என்னை ஆரம்பநிலை மொழி வகுப்புக்கு எழுதிவிட்டாள்.

நாலு மாதம் படித்த பிறகு இரண்டாம் முறை. இந்தத் தடவை எனக்குத் திக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம் என்று மனப்பாடம் செய்துகொண்டு போனேன். ஜெர்மனில் திக்குவதற்கு ‘ஷ்டோட்டர்ன்’ என்பார்கள். கால் தடுக்குவதற்கு ‘ஷ்டோல்பர்ன்’. எனக்குப் பதற்றத்தில் இரண்டாவதுதான் வாயில் வந்தது, அதுவும் ஒரு தடங்கலும் இல்லாமல். “எனக்குக் கால் தடுக்கும்” என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். அவள் எட்டி என் காலைப் பார்த்தாள். எழுந்து சுற்றி வந்து ஒரு நாற்காலி போட்டாள். நானும் உட்கார்ந்தேன். வேறென்ன செய்வது.

முதலிலேயே சொல்லிவிடு என்ற யோசனை எனக்கு ஒரு செய்திக்குழுவில் கிடைத்தது. சிவா தன் வேலைக்காக வேதியியல் குழுக்களைப் படிப்பார். பம்பு கசிவு, குழாய் அரிப்பு என்று கேள்வி போடுவார், எங்கோ நார்வேயிலிருந்து பதில் வரும். ஒரு நாள் குழுப் பெயர்களை நான் சும்மா உருட்டிக்கொண்டிருந்தபோது திக்குகிறவர்களுக்கு ஒரு குழு இருப்பதைப் பார்த்தேன். பல வாரம் படித்துக்கொண்டே இருந்தேன். போனை எடுக்காமல் அடிக்கவிடுகிறவர்கள், சாப்பிட விரும்பியதை ஆர்டர் செய்யாமல் சொல்ல வருவதை ஆர்டர் செய்து சாப்பிடுகிறவர்கள். எல்லாரும் என்னைப் போலவே இருந்தார்கள். ஆனால் அங்கே ஒருவரும் திக்கவில்லை. எழுத்தில் என்ன திக்கல்?

4

அந்தக் குழுவில் டோனி என்று ஒருவர் எழுதுவார். சின்ன வாக்கியங்கள், கொஞ்சம் கேலி. லண்டன் பக்கத்து வெள்ளைக்காரர் என்று நினைத்திருந்தேன்.

ஒரு நாள் அவர் எழுதியிருந்தார்: என் அக்கா வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அந்த ஊர்ப் பெயர் எனக்கு வராது. கண்டக்டர் முன்னால் நின்றால் முதல் எழுத்திலேயே பூட்டிக்கொள்ளும். நீளமான பெயர் வேறு, ஆற்றங்கரைச் சந்தை ஊர். அதனால் அதற்கு அடுத்த பெரிய ஊருக்கு டிக்கெட் வாங்கி, முன்னாலேயே இறங்கிவிடுவேன். கண்டக்டர் ஒவ்வொரு தடவையும், ‘சார், உங்க ஊரு இன்னும் வரல’ என்பார்.

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ளவர்கள் அதைப் படித்துவிட்டுத் தங்கள் பஸ் கதைகளை எழுதினார்கள். நான் மட்டும் அந்த வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். லண்டன் பக்கம் எந்தக் கண்டக்டர் ‘சார்’ போட்டு இறங்காதே என்று சொல்கிறான்? அன்றைக்குத்தான் முதல் முறையாகக் குழுவில் எழுதினேன். ஒரே கேள்வி: அந்த ஆறு எங்கள் சிதம்பரம் பக்கத்து வெள்ளாறா?

மறுநாள் பதில் வந்தது. ‘ஆமாம். ஊர் சேத்தியாத்தோப்பு. டிக்கெட் விருத்தாசலத்துக்கு. நீங்கள் யார்?’

டோனி என்பது அந்தோணிராஜ். கடலூர் முதுநகர்க்காரர். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர், அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் இவர். அப்போது சிதம்பரத்தில் வேதியியல் ஆராய்ச்சி மாணவர். ஆய்வகக் கணினியிலிருந்து எழுதினார். இரண்டு நேர்காணலில் வாய் பூட்டிக்கொண்டு வெளியே வந்திருந்தார். குழுவில் ஒரு பெண்மணி, உள்ளே போனதும் முதல் வாக்கியமாகவே ‘எனக்குத் திக்கும், கொஞ்சம் பொறுங்கள்’ என்று சொல்லிவிடு என்றார். மூன்றாவது நேர்காணலில் அப்படியே செய்தார், வேலை கிடைக்கவில்லை. நாலாவதில் கிடைத்தது; சிப்காட்டில் ஒரு ஆய்வகம். முடிவை அவர் முதலில் குழுவுக்குத்தான் எழுதினார். வீட்டுக்குப் போய்ச் சொல்ல வார்த்தை வரும் வரை காத்திருக்க வேண்டும் என்பதால்.

நாங்கள் ஆங்கிலத்திலேயே எழுதிக்கொண்டோம். குழுவில் எல்லாரும் படிக்க வேண்டுமே. போன் நம்பர் கேட்டுக்கொண்டதில்லை. கேட்டு என்ன செய்ய?

5

எங்கள் மகள் நிவேதாவுக்கு நாலு வயதானபோது திக்க ஆரம்பித்தது. ஒரு நாள் காலை, “அம்மா, த...” என்று நின்றாள். தண்ணீர் கேட்டாள்.

தமிழிலும் திக்கினாள், ஜெர்மனிலும் திக்கினாள். மழலையர் பள்ளியில் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். இரண்டு மொழி குழந்தைக்குச் சுமை, வீட்டிலும் ஜெர்மன் மட்டும் பேசுங்கள் என்றார்கள். இன்று அப்படிச் சொல்வதில்லை என்று கேள்வி. அன்று அதைத்தான் சொன்னார்கள், நல்லெண்ணத்தோடு, நிறுத்தி நிதானமாக.

கடலூரிலிருந்து சிவாவின் அக்கா போனில், “வசம்ப இழைச்சு நாக்குல தடவு தனம். அவுங்க சொல்றாங்கன்னு தமிழ விட்டுடாத, அப்பறம் எங்களோட எப்டிப் பேசுவா?” என்றார். சிவா பள்ளியின் பக்கம்.

“அவ படற கஷ்டத்தப் பாக்க முடியல. ஜெர்மன்லயே பேசிடுவோம்.”

“நம்ம ஜெர்மன்லயா? அதக் கேட்டா அவளுக்கு இன்னும் ஜாஸ்தியாகும்.”

“வெளையாடாத தனம். உனக்கு வந்ததுதான் அவளுக்கும் வந்துருக்கு. குறைக்க ஒரு வழி சொல்றாங்க, அதையும் வேணாங்கற.”

அவர் கோபத்தில் சொல்லவில்லை. அதனால்தான் அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

குழுவில் கேட்டேன். அந்த இழை போல நீளமாக அங்கே வேறொன்றை நான் பார்த்ததில்லை. ஒரு மொழியை நிறுத்து என்று ஒரு டச்சுக்காரர் விளக்கமாக எழுதினார். நிறுத்தினால் பிற்பாடு உன்னை மன்னிக்க மாட்டாள் என்று கனடாவிலிருந்து ஒரு பெண். வந்த நாட்டு மொழியைப் பேச மறுக்கிறவர்கள் ஏன் வருகிறார்கள் என்று ஒருவன் ஆரம்பிக்க, இழை பற்றிக்கொண்டது. அவன் பெயரைக் கோப்பில் போட்டேன்.

எல்லாம் அடங்கிய பிறகு டோனி எழுதினார். ‘நீங்கள் எந்த மொழியில் சிரிக்கிறீர்களோ, எதில் திட்டுகிறீர்களோ, அதிலேயே அவளோடு பேசுங்கள். அதிலேயே திக்குங்கள், அவள் பார்க்கட்டும். ஆனால் அவளைத் தமிழில் சொல் என்று ஒரு நாளும் கேட்காதீர்கள். எந்த மொழியில் பதில் வந்தாலும் பதிலை வாங்கிக்கொள்ளுங்கள்.’

அதைப் படியெடுத்துச் சிவாவிடம் நீட்டினேன். இரண்டு முறை படித்தார். “இந்தாளு யாரு, டாக்டரா?” என்றார். “இல்ல. திக்கறவரு. ஒங்க ஊரு” என்றேன். அன்று இரவுச் சாப்பாட்டில் சிவா குழந்தையிடம் தமிழில்தான் பேசினார்.

பள்ளி ஏற்பாடு செய்த பயிற்சியாளர் ஜெர்மனில் பயிற்சி கொடுத்தார். ஜெர்மன் மெல்லச் சரளமானது. தமிழுக்குப் பயிற்சி கொடுக்க இங்கே யாரும் இல்லை, திக்கல் முழுக்கத் தமிழில் தங்கிவிட்டது. ஏழெட்டு வயதில் அவள் தமிழ் பேசுவதையே விட்டுவிட்டாள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். தமிழில் சொல் என்று கேட்காதீர்கள் என டோனி எழுதியிருந்தாரே, அப்படிக் கேட்கவில்லை. ஊரிலிருந்து போன் வந்தால் வேறு அறைக்குப் போய்விடுவாள். புலம்பெயர்ந்த வீடுகளில் பிள்ளைகள் மொழியை விட்டு விலகுவதைப் பற்றி நம்மவர்கள் நிறைய எழுதுகிறார்கள், பெரும்பாலும் அலட்சியம் என்று. எங்கள் வீட்டில் அது வலி.

6

குழு மெதுவாகக் காலியானது. ஆட்கள் வேறு வேறு தளங்களுக்குப் போனார்கள். இடத்தை மாத்திரை விற்பவர்களும் கடன் கொடுப்பவர்களும் பிடித்துக்கொண்டார்கள். அவற்றுக்கு நடுவில் நாங்கள் ஐந்தாறு பேர் மட்டும், கூட்டம் கலைந்த கல்யாண மண்டபத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசுகிறவர்கள் மாதிரி எழுதிக்கொண்டிருந்தோம். வேறு நிறுவனத்தின் கணினி வழியாகத் தொடர முடியும்தான். ஆனால் மூடப்போகிறார்கள் என்ற தகவலைக் குழுவில் போட்டபோது, டோனியின் பதிலில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. ‘தை மாதம் சிதம்பரம் வருகிறீர்கள் என்றால், ஒரு காபி?’

கல்யாணத்துக்கு மறுநாள் காலை, கீழ வீதியில் ஒரு ஓட்டல். நிவேதாவும் கூட வந்தாள். இருபதுகளில் இருக்கிறாள், வேறு நகரத்தில் வேலை. இந்த மனிதரைப் பற்றி அவளுக்குத் தெரியும், அவள் தமிழ் விஷயத்தில் அவர் சொன்னதும் தெரியும். கல்யாண வீட்டில் இரண்டு நாளாக எல்லாரிடமும் சிரித்தே சமாளித்திருந்தாள்.

டோனி கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். நரைத்த தலை, மடித்துவிட்ட முழுக்கைச் சட்டை. எழுந்து நின்று, “வா...” என்றார். நின்றது. கண்ணை மூடிக்கொண்டார். நான் காத்திருந்தேன். “வாங்க” என்று வந்தது. நான் என் பெயரைச் சொல்லப் போய், அது நிற்க, அவர் காத்திருந்தார். இத்தனை வருஷமாகக் குழுவில் தங்குதடையில்லாமல் பேசிக்கொண்ட இரண்டு பேர், நேரில் ஆளுக்கொரு சொல் சொல்லி முடிக்கும் முன் சர்வர் இரண்டு முறை வந்து போய்விட்டான்.

மூன்றாம் முறை வந்தபோது நிவேதாவைப் பார்த்து, “உங்களுக்கு என்னா மேடம்?” என்றான். அவள் வழக்கமாக என் பக்கம் திரும்புவாள். நான் சொல்வேன். அன்று திரும்பவில்லை.

“எனக்கு கா... கா...”

“காபியா மேடம்?”

“இருப்பா” என்றார் டோனி. “அ... அவுங்களே சொல்லட்டும்.”

சர்வர் நின்றான். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். நிவேதாவின் கழுத்து நரம்பு தெரிந்தது. “கா...ராபூந்தி இருக்கா?” என்று கேட்டாள்.

“இருக்கு மேடம்” என்று சொல்லிவிட்டுப் போனான். டோனி சத்தமில்லாமல் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

பிறகு அவள் அவரைப் பார்த்துத் தமிழில் பேசினாள். எங்களிடம் பேசி எத்தனையோ வருஷமான தமிழ். மழலையும் கடலூர்ப் பேச்சும் கலந்து, இடையிடையே நின்று நின்று வந்தது.

“அங்கிள், அன்னிக்கு அம்மாகிட்ட தமிழ விட்டுடுங்கன்னு நீங்க சொல்லியிருந்தா, எனக்கு இது இ... இல்லாமப் போயிருக்குமா?”

எனக்கு அந்தக் கேள்வி அவளிடம் இருந்தது தெரியாது. டோனி வாயைத் திறந்தார், சொல் வர நேரமாயிற்று. திக்கினாரா, யோசித்தாரா என்று சொல்ல முடியவில்லை.

“தெ...தெரியாதும்மா. போயிருக்கலாம். நான் டாக்டர் இல்ல. எனக்குத் தோணுனதச் சொன்னேன், அவுங்க கேட்டுட்டாங்க.” நிமிர்ந்து அவளைப் பார்த்து, “ஆனா அப்ப இந்தக் கேள்விய நீ எ... எங்கிட்ட தமிழ்ல கேட்டிருக்க முடியாது.”

அவள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. “ஜெர்மன்ல கேட்டிருப்பேன்” என்றாள்.

“எனக்குப் புரிஞ்சிருக்காது.”

“கூகுள்ல போட்டிருப்பேன்.”

“அது சரி” என்றார் அவர். பிறகு அவள் வேலையைப் பற்றிக் கேட்டார். அவள் சொல்ல ஆரம்பித்தாள். ரயில் சிக்னல்களுக்கு மென்பொருள் எழுதுவதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று எனக்கே தெரியாது. தெரியாத இடத்தில் கையைக் காட்டினாள், மேசையில் தம்ளர்களை நகர்த்தித் தண்டவாளம் போட்டாள். ஒரு சொல்லில் நெடுநேரம் நின்றாள். அது என்ன சொல் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் எடுத்துக்கொடுக்கவில்லை.

போன் அடித்தது. செந்தில். வீட்டில் மறுவீட்டு விருந்து, இலை போட எங்களுக்காகக் காத்திருக்கிறார்கள். அவர்கள் இரண்டு பேரையும் பார்த்தேன். டோனி இப்போதுதான் தன் கேள்வியின் முதல் எழுத்தில் இருந்தார். நிவேதா முழங்கையை மேசையில் ஊன்றிக் காத்திருந்தாள்.

போனை எடுக்காமல், எழுதி அனுப்பினேன்: ‘நாங்க வர லேட்டாகும். நீங்க உக்காருங்க.’